கண் சொன்ன நீலம்

அந்த ஆய்வகத்தில் கடிகாரம் பார்க்காமல் சாயம் போடுகிற ஒரே ஆள் மைக்கை அக்காதான். மற்றவர்கள் எல்லாம் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பார்த்து, இத்தனை நிமிஷம் சிவப்பு, இத்தனை நிமிஷம் நீலம், இத்தனை நிமிஷம் கழுவல் என்று மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்பார்கள். அக்காவுக்கு அந்தத் தாளே வேண்டாம். கண்ணாடித் துண்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள், ஒரு கண்ணை மட்டும் சுருக்குவாள், "போதும்" என்பாள். அவ்வளவுதான். இருபத்தாறு வருஷமாக அந்தப் "போதும்" தப்பினதில்லை என்று அவளே சொல்லிக்கொள்வாள். சும்மா சொல்லக்கூடாது, மற்றவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

கையுறை போட்டால் கண்ணாடி வழுக்குகிறது என்று அதையும் கழற்றி எறிந்துவிடுவாள். அதனால் விரல் நுனி பத்திலும் நீலம் ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நிலைத்துவிட்டது. மைக்கை அக்கா என்ற பேர் அப்படி வந்ததுதான். பேர் சொல்லிக் கூப்பிட்டால்கூட அவள் திரும்பமாட்டாள், மைக்கை என்றால் திரும்புவாள்.

மருத்துவமனையின் நான்காம் மாடியில், லிஃப்டை விட்டு இறங்கினதும் வினிகர் வாடையும் உருகின மெழுகு வாடையும் அடிக்கிற இடம்தான் அவர்கள் ஆய்வகம். உடம்பிலிருந்து வெட்டியெடுத்த துண்டுகள் கீழேயிருந்து சின்னச் சின்ன டப்பாக்களில் வரும். அவற்றை மெழுகில் பொதிந்து கட்டியாக்கி, வெங்காயத் தோலைவிட மெல்லிசாக இயந்திரத்தில் சீவி, கண்ணாடியில் ஏற்றிச் சாயம் போட்டு டாக்டர்களிடம் கொடுக்க வேண்டும். அவர்கள் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, உனக்கு இன்ன வியாதி என்று எவருக்கோ எழுதுவார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஆய்வகத்து டாக்டர் ஒரு ஆராய்ச்சியைக் கையில் எடுத்தாள். நாற்பது வயதுகூட ஆகாத பெண், சுறுசுறுப்பு, கொஞ்சம் முன்கோபம். இதயத்திலிருந்து வயிறு வரைக்கும் இறங்குகிற பெரிய ரத்தக்குழாய் இருக்கிறதே, பெருந்தமனி, அது சிலருக்கு ஒரு இடத்தில் தளர்ந்து உப்பிக்கொண்டே போகும். வலியும் தெரியாது, ஒன்றும் தெரியாது. ஒருநாள் வெடித்தால் ஆள் காலி. ஏன் தளர்கிறது என்பதுதான் கேள்வி. அந்தச் சுவருக்குள் இழுத்தால் நீண்டு விட்டால் சுருங்குகிற இழைகள் இருக்கின்றன. பழைய பைஜாமா இலாஸ்டிக் போல அவை முதலில் நைந்துபோகும். அதற்கப்புறம் பாரம் முழுவதையும் தாங்குவது கொலாஜன் என்கிற நார். அந்த நாருக்கு என்ன ஆகிறது? குறைந்துபோகிறதா, இல்லை இருந்தும் கெட்டுப்போகிறதா?

"குறையும்னுதான் எனக்குத் தோணுதுக்கா," என்று டாக்டர் முதல் நாளே சொன்னாள். அவள் பாட்டுக்குச் சொன்னதுதான். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டாள்.

அறுவை சிகிச்சையில் வெட்டியெடுத்த வீங்கின தமனித் துண்டுகள் இருபது, உறுப்பு தானம் செய்தவர்களிடமிருந்து கிடைத்த நல்ல தமனித் துண்டுகள் இருபது. அக்காவின் சாயத்தில் தசை சிவப்பாகவும் கொலாஜன் நீலமாகவும் தெரியும். நீலம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிவிடும். எது நோயாளியுடையது, எது நல்லது என்று சாயம் போடுகிறவருக்குத் தெரியக்கூடாது என்பது விதி. அதற்காக ஒன்றிலிருந்து நாற்பது வரைக்கும் வெறும் நம்பர் போட்டு, பட்டியலை டாக்டர் தன் மேசை டிராயரில் பூட்டி வைத்தாள். விதி என்னவோ நல்ல விதிதான். ஆனால் டப்பாக்கள் வந்தபோது நோட்டில் பதிந்து, கண்ணாடியில் பென்சிலால் நம்பர் எழுதினதே அக்கா. முதல் இருபதும் நோயாளிகள், பின் இருபதும் தானம் கொடுத்தவர்கள். பூட்டுப் போட்டு வைத்தால் அக்காவுக்குத் தெரியாமல் போய்விடுமா? அதில் அவளுக்கு உள்ளூர ஒரு கர்வம்கூட.

கம்ப்யூட்டர் எண்ணிச் சொன்னது, டாக்டர் நினைத்தது போலவே இருந்தது. நல்ல தமனியில் நீலம் அப்படியே ஆழமாக, அழகாக. நோயாளித் தமனியில் வெளிறிப்போய், சாயம் போன சட்டை மாதிரி. டாக்டர் துள்ளிக் குதித்தாள். பெரிய மாநாட்டில் அதைப் பேசினாள். மாநாட்டுப் புத்தகத்தில் ஆராய்ச்சி செய்தவர்கள் வரிசையில் டாக்டர் பேருக்கு அடுத்தபடியாக அக்காவின் பேரையும் போட்டாள். சாயம் போடுகிற ஒருத்தியின் பேரை அந்த மாதிரிப் புத்தகத்தில் யார் போடுகிறார்கள்?

"இந்தக் கண்ணு இல்லேன்னா இந்த ஆராய்ச்சியே இல்ல," என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டாள் வேறு.

வீட்டில் கேட்க வேண்டுமா! பஸ் ஓட்டுகிற புருஷன் அந்தப் பக்கத்தைப் பெரிசாக்கி, ஃப்ரேம் போட்டு, டிவிக்கு மேலே மாட்டிவிட்டான். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தினான். கல்யாணமான புதிதில் "அண்ணி வேலை கறிக்கடை வேலை மாதிரி" என்று மூக்கைச் சுளித்த நாத்தனார், இப்போது தன் சிநேகிதிகளைக் கூட்டிவந்து, "எங்க அண்ணி ஆராய்ச்சி பண்றவங்க" என்று காட்டினாள். எதிர்வீட்டுக்காரி ஒருநாள் வந்து முழங்காலைக் காட்டி, "இது எதனால வீங்குது, பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டே பார்த்தாளே தவிர, எனக்குத் தெரியாது என்று சொல்லவில்லை.

இப்படித் தலைகால் புரியாமல் இருந்த நேரத்தில்தான் வேறொரு ஆய்வகத்திலிருந்து மாற்றலாகி ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவளுக்கும் இருபத்து மூன்று வருஷ அனுபவம். ஒடிசலான உடம்பு, சத்தம் வராத பேச்சு. கழுத்தில் கயிறு கட்டி ஒரு டைமரைத் தொங்கவிட்டிருப்பாள். அதை அமுக்காமல் எந்த வேலையும் தொடங்கமாட்டாள். டீ போடுவதற்குக்கூட அமுக்கினாள். "வந்துட்டாப்பா டிக்டிக்" என்று அக்காதான் முதலில் சொன்னது. சாயங்காலத்துக்குள் அந்தப் பேர் ஆய்வகம் முழுவதும் பரவிவிட்டது. டிக்டிக் அதற்கும் சிரித்தாளே ஒழிய, கோபப்படவில்லை.

ஆராய்ச்சிக் கட்டுரையை ஒரு மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பியிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் திருப்பி எழுதினார்கள்: எல்லாம் சரி, சாயம் ஒரே ஆள் போட்டது, இருபது துண்டுகளுக்காவது வேறொருவர் மறுபடி போட்டுக் காட்டுங்கள். டாக்டர் அந்த வேலையை டிக்டிக்கிடம் கொடுத்தாள். டிக்டிக் டைமரை அமுக்கினாள், ஒவ்வொன்றுக்கும் ஒரே நேரம், ஒரே கழுவல். போட்டுக் கொடுத்தாள்.

வித்தியாசமே இல்லை. இன்னும் சொல்லப்போனால், நோயாளித் தமனியில்தான் நீலம் ஒரு பங்கு கூடத் தெரிந்தது.

டாக்டர் முகம் சுண்டிப்போயிற்று. "என்னம்மா இது? மறுபடி போடுங்க," என்றாள். மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான். மூன்றாவது தடவை டாக்டர் குரலை உயர்த்தினாள். மைக்கை அக்கா தன் மேசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. கடிகாரம் வைத்துக்கொண்டு சாயம் போட்டால் இப்படித்தான் என்று நினைத்தாள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டு முடித்து டிக்டிக் அவளிடம் வந்து நின்றாள்.

"அக்கா, ஒரு உதவி. நீங்க எப்படிப் போடறீங்கன்னு ஒரு தடவை காட்டுங்களேன். எனக்கு எங்க தப்புதுன்னே தெரியலை."

"காட்டறதுக்கு என்ன இருக்கு? கண்ணால பார்க்கணும், அவ்வளவுதான். மொதல்ல அந்த மணியைக் கழட்டி வை."

டிக்டிக் கழற்றிக் கீழே வைத்தாள். பழகுவதற்கென்று அவள் ஏற்கெனவே ஆறு கண்ணாடிகளில் சீவல் ஏற்றி வைத்திருந்தாள். அக்கா தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். நம்பர்களைப் பார்த்தாள். மூன்று, ஏழு, பதினொன்று. இருபத்து நான்கு, இருபத்தொன்பது, முப்பத்து மூன்று. மூன்று நோயாளி, மூன்று நல்லது. மனசுக்குள் அது தானாகவே ஓடியது. அப்படி ஓடினதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

சிவப்பு, அமிலம், நீலம். அதற்குப் பிறகு வருகிறதுதான் முக்கியமான இடம். அதிகப்படி நீலத்தை எடுத்துவிடுவதற்கு லேசான அமிலத் தண்ணீரில் கழுவ வேண்டும். வைக்க வைக்க நீலம் இறங்கிக்கொண்டே போகும். எங்கே நிறுத்துவது என்பதில்தான் அக்காவின் பேரும் புகழும். முதல் மூன்றையும் தண்ணீருக்குள் விட்டு, எடுத்துப் பார்த்தாள், ம்ஹூம், மறுபடி விட்டாள், மறுபடி பார்த்தாள். "போதும்." அடுத்த மூன்றையும் விட்டாள், ஒரே எடுப்பு. "போதும்." காயவைத்து, மூடி ஒட்டி, தட்டில் வரிசையாக வைத்தாள்.

மூன்று வெளிறின நீலம். மூன்று ஆழ்ந்த நீலம். கண்ணால் பார்த்தாலே தெரிந்தது.

"பார்த்தியா? இதுதான் நோயாளி, இதுதான் நல்லது. பளிச்சுன்னு பிரியுது பாரு," என்றாள் அக்கா.

டிக்டிக் குனிந்து பார்த்தாள். நம்பரைப் பார்த்தாள். அக்காவின் முகத்தைப் பார்த்தாள்.

"ஐயோ அக்கா, அந்த நம்பரையா பார்த்தீங்க? அது சும்மா. நீங்க நம்பர் எழுதி மீந்துபோன கண்ணாடி பெட்டியில கிடந்துச்சு, பழகறதுக்குத்தானேன்னு எடுத்துக்கிட்டேன். ஆறும் ஒரே கட்டியில சீவினது. ஒரே ஆளோட துண்டு."

ஒரே ஆளின் துண்டு. ஒரே கட்டி. பக்கத்துப் பக்கத்துச் சீவல்கள். அதில் மூன்றை வெளிற வைத்ததும் மூன்றை ஆழ வைத்ததும் இந்தக் கைதான். கண் எதையும் பார்க்கவில்லை. நம்பரைத்தான் பார்த்திருக்கிறது. நாற்பதுக்கும் இதையேதான் செய்திருக்கிறது. நோயாளி என்று தெரிந்தால், வெளிறும் வரைக்கும் கழுவியிருக்கிறது. நல்லது என்று தெரிந்தால், நீலம் இறங்கும் முன்னாலேயே தூக்கியிருக்கிறது. கம்ப்யூட்டர் என்ன செய்யும், பாவம்! அவள் கொடுத்ததை எண்ணியது.

டிக்டிக்கின் யோசனை அவ்வளவு தூரம் போகவில்லை. அவள் புத்தி எப்போதும் தன் மேலேதான் முதலில் சந்தேகப்படும்.

"முதல் மூணையும் நீங்க கொஞ்சம் கூட நேரம் வெச்சீங்க இல்ல? ஏன்க்கா? என் சீவல் தடிமனா விழுந்திடுச்சா?"

அந்தக் கேள்வி ஒரு கதவு மாதிரி திறந்து கிடந்தது. அக்கா யோசிக்கவே இல்லை, அதன் வழியே ஓடிவிட்டாள்.

"ஆமா. மொத மூணும் கனமா வெட்டியிருக்க. அதான் நான் கூடக் கழுவ வேண்டியதாப் போச்சு. உன் வெட்டுலதான் கோளாறு."

சொன்ன அடுத்த நொடியே உடம்பெல்லாம் கூசியது. டிக்டிக் தலையாட்டினாள். "அப்படியா... இத்தனை வருஷத்துல வெட்டைப் பத்தி யாரும் ஒரு குறை சொன்னதில்லை. சொன்னது நல்லதாப் போச்சுக்கா," என்றாள். நன்றி வேறு! அக்கா அந்த ஆறு கண்ணாடிகளையும் ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, தன் டிராயரின் அடியில் தள்ளிவிட்டாள்.

அதற்கப்புறம் டிக்டிக் மதியச் சாப்பாட்டு நேரத்தில்கூடச் சீவும் இயந்திரத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. புது பிளேடு மாற்றினாள். அளவுத் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெற்று மெழுகுக் கட்டியை வைத்துக்கொண்டு நாடா நாடாவாக வெட்டி, வெளிச்சத்தில் பார்த்து, தூக்கிப் போட்டாள். மாலையில் குப்பைக்கூடை நிறைய மெழுகு நாடா சுருண்டு கிடந்தது. அக்கா அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை டாக்டர் எல்லார் முன்னாலும் வெடித்தாள். பத்திரிகைக்குப் பதில் எழுத இன்னும் ஒரு வாரம்தான் இருக்கிறது. அது அச்சானால்தான் கொலாஜனைக் காப்பாற்றுகிற ஒரு மாத்திரையை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்க அனுமதி கேட்க முடியும்.

"இருபத்து மூணு வருஷ அனுபவம்னு சொல்றீங்க. இருபது கண்ணாடிக்குச் சாயம் போட வரலையா?"

"என் வெட்டுல தப்பு இருக்கு டாக்டர். அக்காதான் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க," என்றாள் டிக்டிக்.

டாக்டர் மைக்கை அக்காவின் பக்கம் திரும்பி, "நல்லவேளை, நீங்களாவது இருக்கீங்க," என்றாள்.

இப்போது சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்து ஒரு வார்த்தை. அக்கா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டு நின்றாள். இருபத்தாறு வருஷமாக யாருக்கும் பயப்படாமல் பேசின வாய்க்கு அன்றைக்கு என்ன வந்தது? டாக்டரை எதிர்த்தே எத்தனை தடவை பேசியிருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் தன் சம்பந்தி அம்மாளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். டிவிக்கு மேலே இருந்த ஃப்ரேம் முன்னால் மூன்று பேரும் நின்றார்கள். புருஷன் வழக்கம்போல விரலை வைத்துக் காட்டினான். "இதோ, ரெண்டாவது பேரு. கண்ணால பார்த்தே கண்டுபிடிக்கிறா."

"அதைக் கழட்டுங்க," என்றாள் அக்கா சமையலறையிலிருந்து.

"எதை?"

"அந்தப் படத்தை."

"ஏன், தூசியா இருக்கா?" என்று அவன் சட்டை நுனியால் கண்ணாடியை நன்றாகத் துடைத்துவிட்டு, கொஞ்சம் சாய்ந்திருந்ததையும் நேராக்கினான்.

அக்கா கைகழுவும் இடத்துக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு விரல்களைத் தேய்த்தாள். போகாது என்று தெரிந்தே தேய்த்தாள். தானம் கொடுத்தவர்கள் வீட்டிலிருந்து வந்த தாள்கள் ஞாபகத்துக்கு வந்தன. ஒவ்வொரு டப்பாவோடும் ஒரு கையெழுத்து வரும். அழுதுகொண்டே போட்ட கையெழுத்து என்பது பார்த்தாலே தெரியும், கோணல்மாணலாக இருக்கும். யாருக்காவது பயன்படட்டும் என்று ஒரு மனைவி, ஒரு அண்ணன், ஒரு அப்பா கொடுத்த துண்டுகள். அவற்றை இவள் டாக்டரின் விருப்பத்துக்கு ஏற்றபடி நீலமாக்கிக் கொடுத்திருக்கிறாள். வேண்டுமென்றே செய்தாளா? இல்லை. சத்தியமாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு டிக்டிக்கிடம் சொன்னது? அது வேண்டுமென்றே சொன்னதுதானே? அங்கேதான் சமாதானம் சொல்ல வழியில்லாமல் மாட்டிக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலையில் டிக்டிக் ஒரு வெள்ளைத் தாளை டாக்டர் அறைக்குக் கொண்டுபோவதை அக்கா பார்த்தாள். "என்னது அது?" என்று கேட்டாள்.

"இடமாற்றம் கேட்டு எழுதியிருக்கேன்க்கா. கீழே மூத்திரப் பரிசோதனைப் பகுதியில ஆள் கேக்கறாங்களாம். அங்க வெட்டற வேலை கிடையாது." டிக்டிக் சிரிக்கப் பார்த்தாள். "அவங்களாச் சொல்றதுக்கு முன்னாடி நாமளே கேட்டுக்கிட்டா மரியாதையா இருக்கும் இல்ல?"

இருபத்து மூன்று வருஷம் தமனியையும் ஈரலையும் வெட்டின கை, இனி மூத்திரப் பாட்டிலை வரிசையாக அடுக்கும். அக்கா அவளை இரண்டு எட்டு போகவிட்டாள். பிறகு, "இரு," என்றாள். "அந்தத் தாளை என்கிட்ட குடு. நான் டாக்டர்கிட்ட போறேன்."

டிராயரைத் திறந்து அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். டாக்டர் அறைக்கு இருபது அடிதான். கதவைத் தட்டாமலே உள்ளே போனாள்.

டாக்டர் மைக்ராஸ்கோப் முன்னால்தான் இருந்தாள். அக்கா உட்காரவில்லை. ஆறு கண்ணாடிகளிலும் நம்பர் இருந்த ஓரத்தின் மேல் வெள்ளை டேப்பை ஒட்டி, கலைத்து, நீட்டினாள்.

"டாக்டர், இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க. எது நோயாளி, எது நல்லது?"

"அவங்க மறுபடி போட்டதா?"

"இல்ல. நான் போட்டது."

டாக்டரின் முகம் மலர்ந்தது. ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இரண்டு வரிசையாகப் பிரித்து வைத்துவிட்டாள். "இந்த மூணும் நோயாளி. இது மூணும் நல்லது. உங்க கை போட்டா சின்னக் குழந்தைகூடச் சொல்லிடும்க்கா."

"ஆறும் ஒரே ஆளோடது, டாக்டர்."

"என்னது?"

"ஒரே கட்டி. ஒரே நாள்ல சீவினது. வெட்டுல எந்தக் குறையும் இல்ல, ஆறும் ஒரே கனம். நான்தான் அதுல இருந்த நம்பரைப் பார்த்துட்டேன். எது நோயாளின்னு எனக்கு ஆரம்பத்துல இருந்தே தெரியும். தெரிஞ்சதனால மூணை வெளிற விட்டேன், மூணை அப்படியே விட்டேன். தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா நாற்பதுக்கும் இப்படித்தான் செஞ்சிருக்கேன்."

டாக்டர் மறுபடியும் கண்ணாடிகளைப் பார்த்தாள். தான் பிரித்து வைத்த இரண்டு வரிசையையும் தன் கையாலேயே கலைத்தாள். காதுமடல் சிவந்துவிட்டது.

"நான்தான் குறையும்னு சொன்னேன்," என்றாள் கடைசியில், தனக்குள் பேசிக்கொள்வது போல. "மொத நாளே சொன்னேன்."

"நீங்க சொன்னீங்க. கழுவினது நான்."

இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. "அந்தப் பொண்ணு என்கிட்ட வந்து தன்னோட வெட்டு தப்பான்னு கேட்டா. ஆமான்னு சொல்லிட்டேன், டாக்டர். எனக்குத் தெரிஞ்சே சொன்னேன். அதுல தெரியாமங்கிற பேச்சே இல்ல."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும். பிறகு டாக்டர் அலமாரியைத் திறந்து, ஓரமாக ஒதுக்கி வைத்திருந்த டிக்டிக்கின் இருபது கண்ணாடிகளையும் எடுத்தாள். அவற்றை இதுவரைக்கும் யாரும் நிதானமாகப் பார்த்ததில்லை. டாக்டர் பார்த்தாள், அக்காவையும் பார்க்கச் சொன்னாள். நல்ல தமனியில் நீல இழைகள் ஒழுங்காக, அலை அலையாக ஒரே திசையில் ஓடின. நோயாளித் தமனியில் நீலம் குறையவே இல்லை. ஏராளமாக இருந்தது. ஆனால் தடித்து, முறுக்கி, நடுநடுவே அறுந்து, திக்குத் திசை இல்லாமல் கிடந்தது. உடம்பு கிடைத்ததையெல்லாம் போட்டு ஒட்டுப்போட்டிருக்கிறது. அந்த ஒட்டு பாரம் தாங்கவில்லை.

"குறையலைக்கா. கெட்டுப்போயிருக்கு," என்றாள் டாக்டர் மெதுவாக. "மூணு வாரமா என் அலமாரியிலேயே இருந்திருக்கு. நான் அவங்களைத் திட்டிட்டிருந்தேன்." பிறகு, "பத்திரிகைக்கு நான் எழுதறேன். மாநாட்டுக்காரங்களுக்கும் எழுதணும். போட்டதை எடுத்துடுங்கன்னு," என்றாள். அக்கா கொண்டுவந்திருந்த இடமாற்றத் தாளை வாங்கி இரண்டாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். "அவங்ககிட்ட நான் பேசறேன். அதுக்கு முன்னாடி நீங்க பேசிடுங்க."

டிக்டிக் தன் பொருட்களைத் துணிப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு டம்ளர், ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு, கயிறு சுற்றின டைமர். சுற்றிலும் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் பார்ப்பார்கள் என்று அக்காவுக்குத் தெரிந்தது. பார்க்கட்டும். இவள் திட்டு வாங்கினதும் எல்லார் முன்னாலும்தானே.

"பையை இறக்கி வை. நீ எங்கயும் போக வேண்டாம்," என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னாள். நம்பரைப் பார்த்ததை, கழுவினதை, நாற்பதையும். கடைசியாகப் பொய் சொன்னதை. குரல் இரண்டு இடத்தில் உடைந்தது, அப்படியும் விடாமல் சொல்லி முடித்தாள்.

டிக்டிக் கோபப்படுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். கன்னத்தில் அறைந்தால்கூட வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தாள். டிக்டிக் பையின் காதைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அப்ப என் வெட்டு?"

"உன் வெட்டுல ஒரு குறையும் இல்ல."

"அந்த மொத மூணும்?"

"ஆறும் ஒரே கனம். சுத்தமான வெட்டு."

டிக்டிக் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஒரு வாரமா என் கையை நானே நம்பலைக்கா," என்றாள். "வீட்டுல காய் நறுக்கும்போதுகூட, கனமாப் போயிடுச்சோ கனமாப் போயிடுச்சோன்னு ஒவ்வொண்ணாத் தூக்கிப் பார்த்துதான் நறுக்கினேன்."

மைக்கை அக்கா மன்னிச்சிடு என்று சொல்லத்தான் வந்திருந்தாள். அந்த வார்த்தையைச் சொல்லக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.